தராசு ரிப்பேருக்குப் போய் வாங்கி வந்தவை

எலெக்ட்ரானிக் தராசு ரிப்பேர் என்பது, கருவிப் பையோடு கடைக்குள் போய் இன்னும் இரண்டு பையோடு வெளியே வருகிற தொழில்.

வீடு தஞ்சாவூரில். அங்கிருந்து ஒரு நாள் மன்னார்குடி, ஒரு நாள் கும்பகோணம், மாதத்தில் இரண்டு நாள் நாகப்பட்டினமும் நாகூரும் என்று பத்தொன்பது வருஷமாகச் சுற்றுகிறேன். மளிகை, இனிப்பு, பாத்திரம், கருவாடு, பூ என்று எடை போட்டு விற்கிற எந்தக் கடைக்கும் நான் போவேன். தராசைத் திறந்து, துடைத்து, கம்பி விட்டுப்போன இடத்தில் பற்றவைத்து மூடுவது அரை மணி வேலை. ஆபத்து அதற்கப்புறம்தான். சரியாகிவிட்டதா என்று எதையாவது வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கென்றே முத்திரை குத்திய எடைக்கற்கள் என் பையில் இருக்கின்றன. ஆனால் எந்தக் கடைக்காரருக்கும் என் இரும்பின் மேல் நம்பிக்கை வருவதில்லை. அவரவர் சரக்கை எடுத்து வைத்துத்தான் பார்ப்பார்கள். வைத்துப் பார்த்ததைப் பொட்டலமும் கட்டிவிட்டால் "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு டஜன் முட்டைக்காகப் போய், முறுக்கு, ஊறுகாய், மூடி போட்ட டப்பா மூன்று என்று தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் தயங்கி நிற்கும் நண்பர்களே, இது உங்களுக்குப் புரியும். புரியாதவர்கள் என் மனைவி ஸ்டெல்லாவின் கட்சி.

எறும்பும் தம்ரூட்டும்

நாகூரில் தர்காவுக்குப் போகிற வழியில் ஓர் இனிப்புக் கடை. கடைக்காரர் பாய்க்கு எழுபது வயது இருக்கும். ரவை, பால், முட்டை, நெய் எல்லாம் சேர்த்துக் கிளறி, மேல்பக்கம் சிவக்கச் சுட்டெடுக்கிற தம்ரூட்டுக்கு அந்தக் கடைதான் என்று எனக்கு எண்ணம். ஒரு நாள் போன் பண்ணினார். "தம்பி, எதை வச்சாலும் நம்பர் நிக்க மாட்டேங்குது. ஆடுது." போய்த் திறந்தால் உள்ளே ஓர் எறும்புக் குடும்பமே குடியிருந்தது. சர்க்கரைத் தூள் விழ விழ, அவை தராசுக்குள் இருக்கிற பச்சை சர்க்யூட் பலகை மேலேயே கூடு கட்டிவிட்டன. எல்லாவற்றையும் வெளியேற்றிச் சுத்தம் செய்து மூடினேன்.

பாய் சூடான தம்ரூட்டில் கால் கிலோ வெட்டி வைத்தார். 250 என்று அசையாமல் நின்றது. பொட்டலம் கட்டினார். "ஒரு தடவை சரியா இருந்தாப் போதுமா?" என்று அரைக் கிலோ வைத்தார். 500. அதுவும் பொட்டலம். நெய் வாசனை மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் நானேதான் சொன்னேன், "பாய், பெரிய எடையையும் ஒரு தடவை பாத்துட்டா நல்லது." ஒரு கிலோ ஏறியது. எனக்குப் பின்னால் வெகு நேரமாகக் காத்திருந்த ஓர் அம்மா பாயைப் பார்த்துச் சொன்னார்: "தராசு சரியாயிடுச்சு பாய். அதைப் பாக்க வந்தவருதான் ரிப்பேராயிட்டாரு."

பயமில்லாத கடை

கும்பகோணத்தில் ஒரு நகைக்கடை. மில்லிகிராம் வரை காட்டும் கண்ணாடிப் பெட்டித் தராசு. எடை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறதாம். நான் போய் அண்ணாந்து பார்த்தேன். நேர் மேலே மின்விசிறி. பெட்டியின் ஒரு பக்கக் கதவு சரியாக மூடவில்லை. விசிறியை நிறுத்தினேன், எண் நின்றது. வேலை முடிந்தது. காப்பி கொடுத்தார்கள். கண்ணாடிக்குள் வரிசையாக மின்னியவற்றை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எதையும் வாங்கிவிடக் கூடாது என்று மனைவி சொல்லி அனுப்பியது ஞாபகம் வர, கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். முதலாளி கவனித்துவிட்டார்.

"நீங்க தைரியமா இருங்க சார். எங்க கடையில யாரும் கை தவறி வாங்கிடறதில்ல."

நசுங்கின தூக்கு

மன்னார்குடியில் ஒரு பாத்திரக்கடை. பழைய பித்தளையை எடைக்கு வாங்குகிற பெரிய தராசு வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். கூடவே, ஆறு வாரத்துக்கு முன்னால் ஸ்டெல்லா பரணைச் சுத்தம் பண்ணியபோது வெளியே வந்த பழைய சாமான்களை இதே கடையில்தான் எடைக்குப் போட்டுவிட்டு வந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றில் கறுத்துப்போன ஒரு தூக்குவாளியை மட்டும் அவள் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "இந்த நசுங்கலை வச்சு என்ன பண்ணப் போறே?" என்று வாங்கித் தராசில் போட்டவன் நான்.

இப்போது தராசைச் சரி செய்துவிட்டு நிமிர்ந்தபோது, எதிர் அலமாரியில் ஒரு பித்தளைத் தூக்கு கண்ணில் பட்டது. பளபளவென்று, இடுப்புக்கிட்ட லேசாக ஒடுங்கி, அப்படி ஒரு அழகு. இந்த மாதிரி வேலைப்பாடு இப்போது எங்கே வருகிறது என்று கடைக்காரரிடம் நானே சொன்னேன். அவரும் மறுக்கவில்லை. வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஸ்டெல்லா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவினாள். அது என் மாமியார் பெயர். ஒடுங்கியிருந்த இடம், மனைவி சின்ன வயதில் அதைக் கிணற்றடியில் கீழே போட்டபோது நசுங்கிய இடம்.

அவள் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க அம்மா சாமானோட அருமை உங்களுக்குத் தெரியணும்னா அதைக் கடையில வச்சுத்தான் காட்டணும்போல."

செண்பகத்தின் தராசு

நாகப்பட்டினத்தில் கருவாடு விற்கும் செண்பகம் எனக்கு எட்டு வருஷப் பழக்கம். கணவர் விசைப்படகில் போகிறவர். இந்த அம்மா மீனை வாங்கி, உப்புப் போட்டு, காயவைத்து விற்கிறார். ஒரு நாள் காலையில் போன். குரலே சரியில்லை. "அண்ணே, எங்க இருந்தாலும் உடனே வாங்க."

போனபோது கடையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். நடுவில் ஒரு ஓட்டல்காரர் கத்திக்கொண்டிருந்தார். "அஞ்சு கிலோன்னு வாங்கிட்டுப் போனா என் கடையில நாலரைதான் காட்டுது! மாசா மாசம் இதே கதை. தராசுல வேலை பண்ணி வச்சிருக்காங்க!" செண்பகம் தலையைக் குனிந்து கருவாட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. வழக்கமாக அங்கே வாங்கும் இரண்டு பெண்கள் நைசாகப் பக்கத்துக் கடைக்கு நகர்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் செண்பகம் சொன்னார், "பதினஞ்சு வருஷமா இதே எடத்துல உக்காந்திருக்கேன். ஒருத்தர் ஒரு சொல்லு சொன்னதில்ல. எல்லாரும் பாக்க, நீங்களே எடை வச்சுக் காட்டுங்க."

என் ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்தேன். தராசு ஒரு கிராம் கூடுதலாகக் காட்டினாலும் அந்த அம்மாவால் அந்த மார்க்கெட்டில் அப்புறம் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. வைத்தேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். 4.700. "பாத்தீங்களா, தப்பு!" என்றார் ஓட்டல்காரர். "தப்புதான் சார். ஆனா எந்தப் பக்கம்னு பாருங்க. அஞ்சு கிலோவை நாலே முக்காலுக்கும் கம்மியாக் காட்டுது. அப்ப, அஞ்சுன்னு காட்டுற வரைக்கும் அள்ளிப் போட்டா எவ்வளவு போகும்? அஞ்சே கால் கிலோவுக்கு மேல உங்க பையில போயிருக்கு." தட்டைக் கழற்றிக் காட்டினேன். அடியில் உப்பு பாறையாக இறுகி, தட்டைக் கீழே இறங்கவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. செண்பகம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி உப்பே! ஊருக்கெல்லாம் நீயா தானம் பண்ணிக்கிட்டிருந்த?" கூட்டம் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாவும் சிரித்தார். ஓட்டல்காரர் தன் தராசைப் பார்க்க என்னைக் கூப்பிட்டுப் போனார். அங்கே உப்புக்குப் பதில் காய்ந்த தோசை மாவு. திரும்பி வந்து செண்பகத்திடம், "மனசுல வச்சுக்காதம்மா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் உப்பைச் சுரண்டி எடுத்துத் தராசைச் சரி செய்து முடித்தேன். பக்கத்துக் கடைக்கு நகர்ந்திருந்த பெண்களில் ஒருவர் திரும்பி வந்து என் காதோரம் சொன்னார்: "என்ன தராசுக்காரரே இப்படி அவசரப்பட்டுட்டீங்க? நான் ஒரு ரெண்டு கிலோ நெத்திலி வாங்கிக்கிட்டப்புறம் சரி பண்ணியிருக்கலாம்ல?"

திரும்பி வந்த பஸ்

அன்றைக்கு நான் மட்டும் வெறுங்கையோடு வந்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? நெத்திலி, சுறா, வாளை என்று மூன்று வகை. மூன்று உறைக்குள் போட்டு, அதற்கு மேல் துண்டைச் சுற்றி, காலுக்கடியில் வைத்துக்கொண்டேன். திருவாரூர் வருவதற்குள் பின்சீட்டில் இருந்தவர் ஜன்னலைத் திறந்தார். பக்கத்தில் இருந்தவர் இடம் மாறினார். முன்னால் இருந்த ஒரு பெரியவர் மட்டும் திரும்பி, "வாளைதானே?" என்று ஆசையாகக் கேட்டார். கண்டக்டர் என்னிடம் வந்து நின்றார். "ஒரு தஞ்சாவூர்" என்று தலையைக் குனிந்தபடி சொன்னேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "சார், நீங்க ஏறினது எனக்குத் தெரியல. உங்க பை ஏறினது தெரிஞ்சுது."

எடைக்குப் போட்ட நோட்டு

எங்கள் வீட்டில், ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலத்தில் நாற்பது நாளுக்கு ஆளுக்கு ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். ஸ்டெல்லா காப்பியை விடுவாள். போன வருஷம் எனக்கும் அவளே முடிவு பண்ணினாள். "நீங்க கறியை விட வேணாம், மீனை விட வேணாம். வேலைக்குப் போற கடையில வாங்குறதை விடுங்க." கோயிலில் வைத்துச் சொன்னதால் தலையாட்டிவிட்டேன். இருபத்தாறு நாள் தாக்குப் பிடித்தேன். பாயிடம் சர்க்கரை வியாதி என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்க்காக ஒரு நாள் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருந்தது. இருபத்தேழாம் நாள் பழைய பேப்பர் கடையிலிருந்து அழைப்பு. "அங்க தாராளமாப் போங்க. குப்பையில வாங்குறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் ஸ்டெல்லா.

தராசு சரியானதும் கடைக்காரர் ஒரு கட்டுப் பழைய நோட்டுப் புத்தகங்களைத் தூக்கி அதில் வைத்தார். மேலே இருந்த நோட்டு சரிந்து கீழே விழுந்தது. நீல மையில், சாய்ந்த அழகான கையெழுத்து. யாரோ ஒரு பெண்மணி எழுதிவைத்த சமையல் குறிப்புகள். பெயர் இல்லை, ஊர் இல்லை. எலுமிச்சை ஊறுகாய்ப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: "மருமகளிடம் வெந்தயத்தைச் சொல்லவில்லை." மீன் குழம்பின் கீழே, "இவருக்குப் பிடிக்கும். ஆகவே வாரம் ஒரு முறைதான்." என்னால் கீழே வைக்க முடியவில்லை. நின்றபடியே பதினைந்து பக்கம் படித்துவிட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் நோட்டு ஒன்றை மட்டும் எப்படிக் கேட்பது என்று வெட்கப்பட்டு, கூடவே ஒரு பழைய அட்லஸ், மூன்று தையல் புத்தகம், முதல் பக்கம் கிழிந்த ஓர் அகராதி எல்லாம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து உண்மையை ஒப்புக்கொண்டேன். ஸ்டெல்லா நாற்காலியில் உட்கார்ந்து, கோபமாகத்தான் நோட்டைப் பிரித்தாள். ஒரு பக்கம் புரட்டினாள். சிரித்தாள். இன்னொரு பக்கம். "பாவி, அந்த மருமக என்ன பாடு பட்டாளோ" என்றாள். அடுப்பில் பால் பொங்கியது, எழுந்திருக்கவில்லை. நான் போய் அணைத்தேன். கடைசிப் பக்கத்தில், நடுங்கிய கையெழுத்தில் இப்படி இருந்தது: "மருமகளிடம் வெந்தயத்தைச் சொல்லிவிட்டேன். இப்போது என்னைவிட நன்றாகப் போடுகிறாள்." ஸ்டெல்லா அதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் நோட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, என் தவக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், "அந்தம்மா வேற நோட்டு ஏதாவது எழுதியிருக்காங்களான்னு நாளைக்குக் காலையிலேயே போய்ப் பாத்துட்டு வாங்க, பேப்பர் மில்லுல அரைச்சுப் போட்டுடப் போறாங்க" என்றாள்.

ஊரில் உள்ள தராசுகளையெல்லாம் பூஜ்யத்தில் நிறுத்தத் தெரிந்த எனக்கு, என்னை எந்தக் கடையிலும் அப்படி நிறுத்திக்கொள்ள இன்னும் தெரியவில்லை.