கப்பல் சேமியா

"டீச்சர், சாருக்குக் கப்பல்ல என்ன வேலை?"

பழங்காநத்தத்தில் எங்கள் தெருவே என்னிடம் இதைக் கேட்கும். "இஞ்சின்ல" என்பேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. பெண் பார்க்க வந்தபோது என் வீட்டுக்காரருடைய பெரியப்பா அப்படித்தான் சொன்னார். அவரும் அதையே சொன்னார். வருஷத்தில் பெரும்பகுதியைக் கடலில் கழித்துவிட்டு லீவுக்கு வருகிற மனிதரிடம் தோண்டித் துருவ மனசு வரவில்லை.

ஆனால் நான் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளிடம் 'கேள்வி கேளுங்கள், கேள்வி கேளுங்கள்' என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது வியாதியாகிவிட்டது. இஞ்சின்காரரின் நகக்கண்ணில் ஏன் கிரீஸ் இல்லை? வீட்டுப் பம்பு ஸ்டவ் அடைத்துக்கொண்டால், பின்னை விட்டுக் குத்தக்கூடத் தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டு ஏன் ரிப்பேர் கடைக்கு ஓடுகிறார்? கேட்டால், "அது பெரிய இஞ்சின், இது வேற" என்பார்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு லீவில் அது பயமாக மாறியது. நான் யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்? கடத்தல் கிடத்தல் ஏதாவதா? வேறு துறைமுகத்தில் வேறு குடும்பமா? போர்டில் தவளையின் இதயத்தை வரைந்துகொண்டிருக்கும்போதுகூட மனசுக்குள் இதுதான் ஓடும்.

திருவாதவூரில் இருந்த என் மாமியாரின் கவலை வேறு. மகன் என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. "அங்க என்னத்தத் தாயி திங்கிறான்?" என்பதுதான் எப்போதும். "எல்லாம் கெடைக்கும்மா" என்று மகன் சொல்வார். அத்தை நம்ப மாட்டார், 'அவன் பட்டினியாக் கெடக்கையில எனக்கு எப்படிச் சோறு எறங்கும்' என்று பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். ஒவ்வொரு முறையும் பருப்புப்பொடியும் முறுக்கும் டின் டின்னாகக் கட்டிக் கொடுப்பார்.

அந்த லீவில் என் வீட்டுக்காரர் பெட்டியில் சில புது சாமான்கள் இருந்தன. விறகுக்கட்டு மாதிரி சேர்த்துக் கட்டிய நீளச் சேமியா, சோயா சாஸ் பாட்டில், கார்பன் பேப்பர் போலக் கறுத்த சில தாள்கள். தாளை மோந்து பார்த்தேன், ராமேசுவரம் கடற்கரை மணத்தது. கடல்பாசியாம், தட்டிக் காயவைத்ததாம், ஜப்பான்காரர்கள் தின்பார்களாம். சேமியா இத்தாலியாம். அதில் இறாலும் கணவாயும் போட்டுக் கப்பலில் கொடுப்பார்களாம்.

"எப்படிச் சமைக்கிறதுங்க?"

"எனக்கென்ன தெரியும்? தட்டுல வச்சா திம்பேன்."

அவர் மறுபடி கப்பலேறுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. மகனை வழியனுப்ப அத்தை மத்தியான பஸ்ஸில் வருவதாக இருந்தது. மனிதர் சொல்லாததைச் சாப்பாடாவது சொல்லட்டும் என்று நான் காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டிக்குள் இறால் இருந்தது, வாங்கினேன். மூலையில் சீந்துவாரில்லாமல் கணவாய் கிடந்தது. "இத யாரு வாங்குறா டீச்சர், சும்மா கொண்டு போங்க" என்று மீன்காரர் ஒரு கை அள்ளிப் போட்டார்.

சேமியாவை என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீடுகளில் சேமியா என்றால் உடைக்க வேண்டும், எண்ணெய் விட்டுச் சிவக்க வறுக்க வேண்டும். வறுக்காவிட்டால் களியாகிவிடும். வாணலியைக் காயவைத்தேன். சேமியாக் கட்டில் பாதியை உருவி இரண்டு கையாலும் பிடித்து மடக்கென்று உடைத்தேன்.

கொல்லையில் சவரம் செய்துகொண்டிருந்த மனிதர் பாதி முகத்தில் சோப்போடு ஓடிவந்தார்.

"ஏய், ஒடைக்காத! வாணலி எதுக்கு? வறுக்கவா போற? பெரிய சட்டியில தண்ணி வையி. தளதளன்னு கொதிக்கணும். உப்பு கடலு மாதிரி..."

அப்படியே நின்றுவிட்டார். சோப்பு நுரை கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்சின்ல இதெல்லாமா சொல்லிக் குடுப்பாங்க?" என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கணவாயைக் கையில் எடுத்தார். தலையைப் பிடித்து ஒரே இழுப்பு. குடலும் மைப்பையும் உடையாமல் வந்தன. விரலை உள்ளே விட்டு, கண்ணாடி மாதிரி ஒரு முள்ளை உருவி என் முன்னால் வைத்தார்.

"ஏறுனது இஞ்சினுக்குத்தான். சூட்டுல மயங்கி விழுந்தேன். அடுப்படிக்கு அனுப்புனாங்க. அங்கயும் சூடுதான், ஆனா வாசனையா இருந்துச்சு. அங்கயே இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதுக்கா இம்புட்டு மறைச்சீங்க? கடத்தல்னு நெனச்சு நான் செத்துப் பொழைச்சிருக்கேன்!"

"சமையக்காரன்னு சொன்னா ஒங்க வீட்டுல பொண்ணு குடுத்திருப்பாகளா? எங்க ஆளுகள்ல ஆம்பள கரண்டி பிடிச்சுக் கூலி வாங்குனா ஊரே சிரிக்கும். அம்மா தல நிமிந்து நடக்க முடியாது. அதுக்குத் தெரிய வேணாம்."

கோபம் தீரவில்லை. ஆனாலும் வேடிக்கை பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. எனக்கு அப்படித்தான்.

பூண்டைத் தட்டாமல் மெல்லிசாகச் சீவினார். இத்தாலி எண்ணெய்க்கு இங்கே எங்கே போவது என்று நல்லெண்ணெயை ஊற்றினார். "ஜப்பான்காரனுக்கும் எள்ளெண்ணதான்" என்றார். கப்பலில் பெரிய சமையல்காரர் இத்தாலிக்காரராம், அடுத்தவர் ஜப்பான்காரராம். ஒருவர் பூண்டு எண்ணெய் போதும் என்பாராம், மற்றவர் சோயா சாஸ் இல்லாமல் அது என்ன சாப்பாடு என்பாராம். நடுவில் நின்று இரண்டையும் கலந்துவிட்டவர் இவர். மிளகாய் வத்தலைக் கிள்ளிப் போட்டது மட்டும் நம்மூர்ப் பங்கு. இறாலையும் கணவாயையும் போட்டுப் புரட்டியதும் எடுத்துவிட்டார், அதிக நேரம் வெந்தால் ரப்பராகிவிடுமாம். வெந்த சேமியாவை அந்த எண்ணெயில் கொட்டி, எடுத்து வைத்ததையும் சேர்த்து, வெண்ணெய் போட்டு, சாஸை ஓரமாக விட்டபோது எழுந்த மணத்துக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. கருவாட்டுக்கும் வெல்லப்பாகுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. இத்தனை வருஷத்தில் அவர் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பஸ் சீக்கிரம் வந்துவிட்டதுபோல. வாசலில் அத்தை பையை இறக்கும் சத்தம் கேட்டதும் அவர் கரண்டியை என் கையில் திணித்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

மூன்று தட்டு வைத்தேன், அவரும் வந்து உட்கார்ந்தார். கடல்பாசித் தாளைக் கத்தரித்து மேலே தூவினேன். அத்தை கறுப்பை ஒதுக்கிப் பார்த்தார், பிறகு சேமியாவை விரலில் சுற்றி வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் மென்றார். இன்னொரு வாய். கணவாயைத் தேடி எடுத்துத் தின்றார்.

"என்னமோ ஒரு ருசியாத்தேன் இருக்கு. நீயா தாயி ஆக்குன?"

மகனின் தலை தட்டுக்குள் கவிழ்ந்திருந்தது. பாவமாக இருந்தது. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"நான் ஆக்குனதும்மா" என்றார் அவர், தலை நிமிராமல். "கப்பல்லயும் இதான் வேல. இஞ்சினெல்லாம் இல்ல. அங்க அம்புட்டுப் பேருக்கும் சோறாக்கிப் போடுறேன்."

அத்தையின் கை நின்றது. நான் அத்தையின் முகத்தையே பார்த்தேன்.

"ஆக்குறது நீதானா?"

"ஆமாம்மா."

"அப்ப, சோத்துச் சட்டி உன் கையிலதான இருக்கும்?"

"ஆமா."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"வையி. பாவிப்பயலே, இத மொதல்லயே சொல்லிருந்தா நானும் இத்தன வருசம் வயிறாரத் தின்னுருப்பேன்ல?"