பாதி மருந்து போட மாட்டேன்

அந்தோணிமேரியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ‘ஐயோ பாவம், புருஷனை இழந்தவள்’ என்று உச்சுக்கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாம், பாவம்! அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி நான். அவள் வாய்க்குப் பயந்து எங்கள் தெருவே ஒதுங்கிப் போகும்.

சாரம் என்கிற எங்கள் ஊரில் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு அதிர்வேட்டு போடுவது அவள் புருஷன் தனிஸ்லாஸ் குடும்பத்து உரிமை. கொடி மேலே போகும்போது மூன்று வேட்டு. மண்ணில் நட்ட இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்துத் திரியைக் கொளுத்தினால், சத்தம் காதோடு நிற்காமல் நெஞ்சில் வந்து இடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஜனத்துக்குத் திருவிழா தொடங்கிய மாதிரியே இருக்காது. தனிஸ்லாஸ் காய்ச்சலில் போனதும் குழாய்களை இவள் கையில் எடுத்தாள். மில்லில் நூல் சுற்றுகிற வேலை, திருவிழா வந்தால் வேட்டு. இப்படித்தான் அவள் காலம் ஓடியது.

1957 கொடியேற்றத்தில் வந்தது வினை. முதல் வேட்டிலேயே கோயில் சன்னலின் நீலக் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. பிரான்சிலிருந்து கப்பலில் வந்த கண்ணாடி. எங்களை ஆண்ட பிரெஞ்சுக்காரனே மூட்டை கட்டிவிட்டான், இனி எங்கே போய்க் கேட்பது? அந்த இடத்தில் தகரத்தை அடித்து வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் ‘மாதா கண்ணாடியை உடைத்தவள்’ என்றே ஆகிவிட்டது. மில்லில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மறு வருஷம் திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்தில், சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்து திரும்பிய அருளானந்தம் எழுந்தார். கோயிலுக்குச் சொந்தக் காசில் மதில் கட்டிக் கொடுத்தவர். எல்லோரும் ‘முசே’ என்றே மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

“இனிமே வேட்டு வேணாம். மருந்த ஏத்திப் போட்டு கண்ணாடிய ஒடச்சிட்டா. அந்தக் கொழாயெல்லாம் பழைய இரும்புக்குப் போடுங்க.”

“நான் அளவு மீறல முசே,” என்றாள் அந்தோணிமேரி. “அவரு போட்ட அதே அளவுதான். போட்டுக் காட்டறேன், பாருங்க. என் மருந்து மேல தப்புன்னா கொழாய நானே தூக்கிக் குடுத்துடறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே கூடிவிட்டது. கண்ணாடிக்குப் பதிலாக ஒரு பானையின் வாயில் பட்டம் செய்கிற காகிதத்தை இழுத்து ஒட்டி, தகரம் அடித்த சன்னலுக்கு முன்னால் வைத்தாள். மாமனார் காலத்திலிருந்து நட்ட அதே இடத்தில், மதிலை ஒட்டிக் குழாயை நட்டாள். திரி எரிந்தது. வேட்டு இடித்த இடியில் காக்காய்கள் சிதறின. பானை வாயில் காகிதம் இரண்டாகக் கிழிந்து தொங்கியது.

வேறு யாராக இருந்தாலும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவளோ மதிலிடம் போய் அதைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என் வேட்டுதான் ஒடச்சிருக்கு. இல்லன்னு சொல்லல,” என்றாள். “ஆனா போன வருசத்துக்கு முன்னாடி இங்க தென்ன ஓல வேலிதான இருந்துது? அப்பல்லாம் ஏன் ஒடையல?”

“அப்ப என் மதிலு மேல பழியா?” என்று அருளானந்தம் சீறினார்.

“மதிலு மேலயும் இல்ல, மருந்து மேலயும் இல்ல. ஓல வேலி அதிர்ச்சிய வாங்கிக்கும். செங்கல்லு திருப்பி அடிக்குது. வேலி போயி மதிலு வந்தப்பவே கொழாய எடம் மாத்தியிருக்கணும். எங்க மாமனாரு நட்ட எடத்துலதான் நடுவேன்னு ஒத்தக் கால்ல நின்னவ நான். அது என் தப்பு. மருந்து தப்பில்ல.”

அதே அளவு மருந்தோடு குழாயைக் கோயிலின் மறுபக்கம் திறந்தவெளிக்குக் கொண்டுபோனாள். முன்பு குழாய்க்கும் சன்னலுக்கும் இருந்த அதே தூரத்தில் பானையை வைத்துப் புதுக் காகிதம் ஒட்டினாள். வேட்டு இடித்தது. காகிதம் அதிர்ந்தது, கிழியவில்லை. விட்டாளா? இன்னொரு தடவையும் போட்டுக் காட்டினாள்.

இதற்குப் பிறகும் அந்த மகராசன்களுக்குப் பயம் போகவில்லை. அந்தப் பக்கத்துச் சன்னலில் கண்ணாடி முழுசாக இருந்தது. அதுவும் போய்விட்டால்? “சரி, பாதி மருந்து போடு,” என்று இறங்கி வந்தார் அருளானந்தம்.

“பாதி மருந்து போட மாட்டேன் முசே. போட்டா, மருந்துதான் தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

கொடியேற்றத்தன்று அவள் மார்போடு அணைத்துக் கொண்டுவந்ததைப் பார்த்து எனக்குப் பகீர் என்றது. அவளுடைய கலியாணப் படம், கண்ணாடிச் சட்டத்தோடு. தனிஸ்லாஸின் முகம் இந்த உலகத்தில் வேறு எதிலும் இல்லை. அதைத் திறந்தவெளிப் பக்கத்துக் கோயில் சன்னல் கம்பியில், வண்ணக் கண்ணாடிக்கு முன்னால் மாட்டினாள்.

“ஒடையறதுன்னா மொதல்ல என்னுது ஒடையட்டும்.”

“வேற படம் இருக்காம்மா?” என்று அருளானந்தம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இல்ல,” என்றாள்.

கொடி கிளம்பியது. முழு மருந்து. வேட்டு என் நெஞ்சில் வந்து மோதியதில் மூச்சே நின்றுவிட்டது. படம் கம்பியில் ஆடியது. ஆடி ஆடி நின்றது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

அருளானந்தம் விறுவிறுவென்று போய்ப் படத்தைக் கழற்றி, அதிலிருந்த புழுதியைத் தன் அங்கவஸ்திரத்தால் துடைத்து அவளிடம் நீட்டினார்.

“பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா.”

அந்தோணிமேரி அதைக் கையால்கூடத் தொடவில்லை. அடுத்த குழாய்க்குத் திரியை வைத்துக்கொண்டே சொன்னாள்:

“அங்கயே மாட்டுங்க முசே. இன்னும் ரெண்டு வேட்டு பாக்கி இருக்கு.”