நாலடி விளக்குக்கு இரட்டை வாடகை

பூங்காவனம் என்ற பெயரைக் கமலவேணி முதன்முதலில் கேட்டது தன் மாமனார் வாயிலிருந்து, அதுவும் வசவாக. நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அது. கல்யாணமாகி அவள் காஜா பேராங் வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மாமனார் அப்பாசாமி அவள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சின்ன வயதிலிருந்தே மாமா என்று கூப்பிட்ட மனுஷன்தான்.

"அந்தப் பூங்காவனம் என்னைக் கேக்காம டியூப் லைட் மாட்டியிருக்கா!" என்று கூடத்தில் நின்று குதித்தார்.

பூங்காவனம் அந்த வீட்டு நடு அறையில் ஒரு மகளோடு குடியிருந்த தையல்காரி. புருஷன் இல்லை. நடு அறைக்கு ஜன்னலும் இல்லை. பட்டப்பகலிலும் விளக்கு போட்டால்தான் ஊசியில் நூல் கோக்கலாம். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் கறுப்புத் துணி தைத்தே அவள் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்திருந்தது. கண் போனால் பிழைப்பே போச்சு. அந்த ஊர்ப் பணத்தில் பல்பு ஒரு வெள்ளி, டியூப் பதினெட்டு வெள்ளி. ஆனால் பல்பு தின்கிற கரண்டில் பாதிகூட டியூப் தின்னாது, வெளிச்சமோ கூட என்று கரண்டுக்காரர் ஜெயபாலன் சொன்னார். சீட்டு எடுத்த பணத்தை அப்படியே கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு மீட்டர் ஒன்றுதான். குடியிருப்பவர்கள் ஒரு விளக்குக்கு மாதம் இரண்டு வெள்ளி அப்பாசாமியிடம் கட்ட வேண்டும். கரண்டு மிச்சமானால் மிச்சம் அவருக்குத்தான். பதினெட்டு வெள்ளி போட்டவளுக்கு ஒரு காசு கிடையாது. அது போதாதென்று அவர் போட்டாரே ஒரு கணக்கு!

"பல்பு ஒரு சாண், இது நாலு அடி. நாலு வெள்ளி கட்டு."

"ஏண்ணே, நீங்க எட்டு முழ வேட்டி கட்டுறீங்க. நாலு முழம் கட்டுறவரைவிட ரெண்டு மடங்கு சோறா திங்கிறீங்க?" என்றாள் பூங்காவனம்.

கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது. மாதக் கடைசியில் பில் வந்தபோது சிரிப்பு போய்விட்டது. பில் குறைந்திருந்தது; மாமனார் கேட்டதோ இரட்டை வாடகை. கையோடு கொண்டுபோய் நீட்டினாள்.

"மாமா, பாருங்க. அந்தக்கா விளக்கால நமக்குத்தானே லாபம்?"

"குறைஞ்சா அது என் அதிர்ஷ்டம். உள்ள போ."

நாலு வெள்ளி தர மாட்டேன், அறையைக் காலி செய்கிறேன் என்றாள் பூங்காவனம். அப்போது பேசினார் பாருங்கள் அந்தப் பெரிய மனுஷன்: "என் உத்தரத்துல திருகாணி போட்டாச்சு. விளக்கு வீட்டோட சேர்ந்தது. வச்சுட்டுப் போ."

கண்ணை விற்றா விளக்கு வாங்கினாள் அவள்? கண்ணைக் காப்பாற்றத்தானே வாங்கினாள்! கமலவேணி சமையற்கட்டு முக்காலியை இழுத்துக்கொண்டுபோய் விளக்கின் கீழே போட்டு, "ஏறுங்கக்கா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள். மாமனார் பார்த்துக்கொண்டே நின்றார். அதன்பின் ஒரு மாதம் அவள் கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை.

பூங்காவனம் செமாபோக்கில் தனி மீட்டர் உள்ள அறை பிடித்தாள். இரண்டு வருஷத்துக்குள் விளக்குக்குப் போட்ட காசு கரண்டு மிச்சத்திலேயே திரும்பிவிட்டது என்று சொல்லி அனுப்பினாள்.

இப்போது மாமனார் அப்பாசாமி புக்கிட் காதிலில் தன் மகள் பத்மினி வீட்டில் இருக்கிறார்; அங்கே விளக்குக்கு யாரும் அவரிடம் வாடகை கேட்பதில்லை.