வியாழனன்று வந்த சனிக்கிழமை

உப்சாலாவுக்கு நாங்கள் குடிவந்த முதல் வருடம், என் மகள் தாராவின் பள்ளித்தோழி ஒருத்தி வீட்டுக்கு விளையாட வந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. நெய் மணக்க ரவா கேசரி கிளறி, மேலே முந்திரி வைத்து நீட்டினேன். குழந்தை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை" என்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. சுவீடனில் செவ்வாய் விரதமா! அடுப்பில் இருந்த முட்டை நூடுல்ஸை அவசரமாக மூடி வைத்துவிட்டு, வெங்காயம்கூடப் போடாமல் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன். மாலையில் அவளை அழைத்துப் போக வந்த அம்மாவிடம், "இந்த வயசிலேயே இவ்வளவு பக்தியாக வளர்த்திருக்கிறீர்கள்" என்று எனக்குத் தெரிந்த சுவீடிஷில் பாராட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "அவள் சனிக்கிழமைதான் இனிப்பு சாப்பிடுவாள்" என்றார். பக்திக்கும் இனிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இருவரும் திருதிருவென விழித்துக்கொண்டு வாசலில் நின்றோம்.

இந்த நாட்டில் அதற்குப் பெயரே இருக்கிறது: லோர்டாஸ்கூடிஸ். சனிக்கிழமை மிட்டாய். வாரம் ஆறு நாளும் பிள்ளைகள் மிட்டாய் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. சனிக்கிழமை வந்தால் போதும், கடையில் ஒரு சுவர் முழுக்க இருக்கும் மிட்டாய்ப் பெட்டிகள் முன்னால் காகிதப்பை பிடித்துக்கொண்டு நின்று, கரண்டியால் அள்ளு அள்ளு என்று அள்ளுவார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால்தான் பல்லுக்குக் கேடு, ஒரே நாளில் தின்று தீர்த்துவிட்டுப் பல் தேய்த்தால் பாதகம் குறைவு என்பது கணக்கு. எனக்கு இது ஊரை ஏமாற்றும் வேலையாகத்தான் தோன்றியது. தாரா மட்டும் ஒரே மாதத்தில் அதைத் தன் மதமாக ஆக்கிக்கொண்டாள்.

போன ஜூன் மாதம் நாங்கள் நெய்வேலிக்குக் கிளம்பும் முன் பல் மருத்துவரிடம் போனோம். எட்டு வயது தாராவின் புதுக் கடைவாய்ப் பல்லில் ஒரு சிறு கறை. "இன்னும் சொத்தை ஆகவில்லை. நன்றாகத் தேய்த்து, இனிப்பைக் குறைத்தால் இதோடு நின்றுவிடும். ஆகஸ்டில் பார்ப்போம். வளர்ந்திருந்தால் துளைபோட்டு அடைக்க வேண்டும்" என்றார் மருத்துவர். துளைபோடும் கருவியின் சத்தத்தை வகுப்பில் ஒரு பையன் வாயாலேயே செய்து காட்டியிருக்கிறான் போலிருக்கிறது, தாராவின் முகம் வெளுத்துவிட்டது. வெயில் நாட்டுக்குப் போகிறோம் என்றதும் மருத்துவர், வாய் உலர விடக்கூடாது, எச்சில்தான் பல்லுக்குக் காவல், தாகத்துக்குத் தண்ணீரே கொடுங்கள் என்றார். "அங்கே வீட்டுக்கு வீடு சர்பத் கொடுப்பார்களே" என்றேன். "வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்றார், மிக எளிதாக. நம் ஊரில் வேண்டாம் என்றால் இன்னொரு முறை கேளுங்கள் என்று அர்த்தம் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வேன்?

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவள். கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் பிளாக்குப் பிள்ளைகளின் நாக்கு ஒருநாள் சிவப்பு, ஒருநாள் ஆரஞ்சு. சைக்கிள் கேரியரில் பெட்டி கட்டிக்கொண்டு ஐஸ்காரர் வருவார். சேமியா ஐஸ், பால் ஐஸ், குச்சி ஐஸ். உறிஞ்சித் தின்ன யாருக்குப் பொறுமை? கடைவாயில் போட்டு நறநறவென்று கடிப்போம். பல் வலித்தால் அம்மா கிராம்பை நசுக்கி வைப்பாள். பன்னிரண்டு வயது முடிவதற்குள் எனக்கு இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாயிற்று. இன்றைக்கும் முறுக்கை இடப்பக்கமாகத்தான் கடிக்கிறேன். ஆகவே ஊரிலும் சனிக்கிழமை மட்டும்தான் இனிப்பு என்று தாரா போட்ட சபதத்துக்கு நான் முழு ஆதரவு. ஆனால் விமானத்தில் உட்கார்ந்தபோது என் மனம் கள்ளத்தனமாகத் துள்ளியது. நாலு வருடத்துக்குப் பிறகு ஊர்! பலாப்பழம்! ரோஸ்மில்க்!

கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர் சொன்னது, வெயிலிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை மதியம் அக்காவின் குவார்ட்டர்ஸில் போய் இறங்கினோம். இறங்கிய கையோடு அக்கா பெரிய டம்ளரில் ரோஸ்மில்க் கொண்டுவந்தாள். டம்ளருக்கு வெளியே வியர்த்திருந்தது.

"இன்னிக்குப் புதன்கிழமை பெரியம்மா. எனக்குத் தண்ணி போதும்" என்றாள் தாரா.

"புதன்கிழமைக்கு இன்னாடி? பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்களே, குடி!" என்று அக்கா வாயருகே கொண்டுபோனாள். தாரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் செல்வி அக்கா மதுரைக்காரர். இரண்டு டம்ளரில் ஜிகர்தண்டா செய்து எடுத்துக்கொண்டு அவரே வந்தார். அதற்கும் புதன்கிழமை. "புள்ளைக்குச் சக்கர வியாதியா?" என்று என்னை ஓரமாக இழுத்துக் கேட்டார். இல்லை, பல்லுக்காக என்றேன். "விழுந்து மொளைக்கிற வயசுதானே, அதுக்கா இந்தப் பாடு?" என்று சிரித்துவிட்டுப் போனார். இரண்டு ஜிகர்தண்டாவையும் நானே குடித்தேன். தியாகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வியாழக்கிழமை விடிந்தபோது வீடே மணத்தது. கொல்லையில் நிற்கும் பலாவில் காய்த்த பெரிய பழம். அக்கா அதை முன்பே இறக்கி, சாக்கு போட்டு மூடி சமையலறை மூலையில் வைத்திருந்தாள். தட்டிப் பார்த்தாள், முள்ளை அழுத்திப் பார்த்தாள். பழுத்துவிட்டது. தாரா பக்கத்தில் போய் மூக்கைச் சுருக்கி மோந்தாள். "பழம்தானே, நீ சாப்பிடலாம்" என்றேன். "இல்லம்மா. இது மிட்டாய் வாசம் வருது. பல்லுல ஒட்டும். சனிக்கிழமை சாப்பிடறேன்" என்றாள். அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போனபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை வரைக்கும் இது தாங்குமாடி? அழுகிடும். அடுத்த வருஷம் மாமா ரிட்டயர்டு. குவார்ட்டர்ஸக் காலி பண்ணி சாவியக் குடுத்துட்டு அவரு ஊரு சேத்தியாத்தோப்புக்கே போயிடுவோம். இந்த மரம் நான் வெச்சது. இது என் கையால இவளுக்குக் குடுக்கற கடைசிப் பழம். பச்சத்தண்ணியக் குடிச்சிகினு உக்காந்திருக்காளே, எனக்கு வயிறு எரியுது."

பல்லா, பழமா? ஒருபக்கம் ஆகஸ்டை நினைத்து ராத்திரி தூக்கத்தில் முனகும் மகள். இன்னொரு பக்கம், டவுன்ஷிப் மனிதர்களுக்கு மட்டுமே புரியும் அந்தத் துக்கம். மண்ணைக் கொத்தி, மரம் வைத்து, கலியாணம் காட்சி பார்த்து வாழ்ந்த வீட்டை ஒருநாள் சாவியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் பெற்றோரும் அப்படித்தான் கொடுத்தார்கள். நான் பிறந்த குவார்ட்டர்ஸில் இப்போது யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது.

அப்போதுதான் முதல் ஷிஃப்ட் முடித்து மாமா வந்தார். அக்காவின் கணவர், தாராவுக்குப் பெரியப்பா. சுரங்கத்து மண் படிந்த பூட்ஸைக் கழற்றியபடியே இரண்டு தரப்பு வழக்கையும் கேட்டார்.

"இன்னாம்மா, சனிக்கிழமைதான் துன்னுவியா? எந்த சனிக்கிழமை?"

"சனிக்கிழமைன்னா சனிக்கிழமைதான் பெரியப்பா."

"அது ஆபீஸ்காரங்களுக்கு. மைன்ஸ்ல எல்லாரும் ஒரே நாள்ல லீவு போட்டா மெஷின யாரு ஓட்டறது? அதனால ஆளுக்கு ஒரு நாள் ஆஃப். எனக்கு வெள்ளிக்கிழமை. ஊருக்கெல்லாம் வெள்ளி, எனக்கு அதான் ஞாயிறு. கறி எடுக்கறது, எண்ணெ தேச்சிக் குளிக்கறது எல்லாம் அன்னிக்குத்தான். முப்பது வருஷமா இந்த வூட்ல அப்டித்தான் ஓடிக்கினு இருக்குது. வேணும்னா உன் பெரியம்மாவக் கேளு."

தாரா பெரியம்மாவைப் பார்த்தாள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். தாரா விரல்விட்டு எண்ணினாள். அவள் கண் விரிந்தது.

"வெள்ளிக்கிழமை ஞாயிறுன்னா... இன்னிக்கு இந்த வீட்ல சனிக்கிழமை!"

நான் கத்தியே விட்டேன். மாமா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தார். செல்வி அக்கா ஒரு சொம்பு நிறைய ஜிகர்தண்டாவோடு ஓடிவந்தார். பிளாக் முழுக்கச் செய்தி பரவி, யார் யாரோ கிண்ணத்தில் இனிப்பை மூடிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் வெறும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அக்கா ஒவ்வொரு சுளையாகக் கொட்டை நீக்கி தாராவின் வாயில் வைத்தாள். தாரா கண்ணை மூடிக்கொண்டு மென்றாள், பால்பிசின் உதட்டில் ஒட்ட ஒட்டச் சிரித்தாள். அன்று அக்கா முகத்தில் இருந்த சந்தோஷத்தை எந்தக் கல்யாண போட்டோவிலும் நான் பார்த்ததில்லை.

தின்று முடித்ததும் தாரா பிரஷ்ஷோடு வந்து நின்றாள். தனக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும்! அவரவர் பிரஷ்ஷை எடுத்துவரச் சொல்லி, கொல்லைக் குழாயடியில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தாள். மாமாவையும் விடவில்லை.

"காலையில வெளக்கனேனேம்மா. பல்லு இன்னா, ரெண்டு ஷிஃப்ட் பாக்குதா?"

"ஆமா பெரியப்பா. ரெண்டாவது ஷிஃப்ட்தான் முக்கியம்."

இரண்டு நிமிடம் தேய்த்துத் துப்பலாம், ஆனால் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது, பேஸ்ட் பல்லிலேயே தங்க வேண்டும் என்றாள். அது உப்சாலாவில் கற்றது. "கொப்பளிக்காத வாயோட வூட்டுக்குள்ள வர்றதா? ஐயய்ய!" என்று அக்கா அலறினாள். பலாப்பழம் தின்ற நன்றிக்காகவோ என்னவோ, கடைசியில் அவளும் கொப்பளிக்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாங்கள் இருந்த ஐந்து வாரமும் வியாழக்கிழமைதான் சனிக்கிழமை. நிஜ சனிக்கிழமைகளில் தாரா இனிப்புக்கு வாயைத் திறக்கவில்லை. வாரத்துக்கு ஒன்றுதான், இரண்டு சனிக்கிழமை கொண்டாடினால் ஏமாற்று வேலை என்றாள்.

ஆகஸ்டில் மருத்துவர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நின்றுவிட்டது. துளை வேண்டாம்" என்றார். தாரா நாற்காலியிலிருந்து குதித்தாள், நானும் குதிக்காத குறைதான். "சனிக்கிழமை மட்டும்தான் சாப்பிட்டாயா?" என்று கேட்டார். "ஆமாம். ஆனால் சனிக்கிழமை வியாழக்கிழமை வந்தது" என்றாள் தாரா. நான் மைன்ஸ், ஷிஃப்ட், வார ஓய்வு என்று என் சுவீடிஷில் விளக்கினேன். அவர் புரிந்ததுபோல் தலையாட்டி, "இந்தியாவில் வேறு காலண்டர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றார்.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் செய்தோம். போனை மாமாவிடம் பிடுங்கி, செல்வி அக்காவிடம் கொடுத்து, மறுபடி பிடுங்கி, அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் வேலையை இப்போதே தொடங்கிவிட்டதாகச் சொன்னாள். பழைய பாத்திரங்களை மந்தாரக்குப்பம் கடையில் எடைக்குப் போட்டுவிட்டாளாம்.

பிறகு தாராவும் நானும் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பல் தேய்த்தோம். இங்கே ஆகஸ்டில் இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தாரா நுரையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ரிட்டயர் ஆயிட்டா பெரியப்பாவுக்கு எல்லா நாளும் லீவுதானே?"

"ம்."

"அப்ப அங்க நம்ம சனிக்கிழமை எப்ப வரும்?"

என் வாய் நிறைய நுரை. துப்பினால் பதில் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் முடிந்த பிறகும் நான் தேய்த்துக்கொண்டே நின்றேன்.