மூன்றாம் இரவுக்கு ஐந்து கட்டில்

கம்பெனி முகாமுக்கு ஆறு பேர் போவார்கள், ஐந்து பேர்தான் வேலையோடு திரும்புவார்கள் என்று ஒரு பேச்சு.

யார் கிளப்பிவிட்டது என்று யாருக்கும் தெரியாது. ஹோபார்ட்டில் இருக்கும் மெரில், பிரிஸ்பேனில் இருக்கும் டெவிட்டா சொன்னதாகச் சொன்னாள். டெவிட்டாவைக் கேட்டால், மெரில்தானே சொன்னது என்றான். ஆளுக்கொரு ஊரில், அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கம்பெனியில் வதந்திக்கு இது ஒரு சௌகரியம். முகத்தைப் பார்த்துத் திருடனைப் பிடிக்க முடியாது.

கிளெனிஸ் ஹார்ட்டிகன் இதை விசாரிக்காமல் விடுவதாக இல்லை. ஐம்பத்தேழு வயது. பீட்டர்பரோவில், ரயில் நின்றுபோன பிறகு பாதி ஜனமும் காணாமல் போன ஊரில், வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து கேரவன் வண்டிகளின் காப்பீட்டைக் கவனிக்கிறாள். கங்காரு குறுக்கே பாய்ந்தது என்று தினமும் நாலு பேர் போன் செய்வார்கள். எந்தப் பக்கமிருந்து பாய்ந்தது, வால் தெரிந்ததா, அப்போது யார் ஓட்டினார்கள் என்று கேட்பாள். ஒன்பது வருஷமாகச் சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

முகாம் கூல்வா பக்கம், மூன்று இரவு. ஆட்டுக்கு மயிர் கத்தரித்த பழைய கொட்டகையை விடுதியாக்கியிருந்தார்கள். அங்கே வைத்து ஊழியர்களுக்குள் நம்பிக்கையை வளர்க்கப் போகிறார்களாம். கிளெனிஸ் விடுதிக்கே போன் போட்டு, கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கட்டில் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை.

"முதல் ரெண்டு ராத்திரிக்கு ஆறு கட்டில், மூணாவது ராத்திரிக்கு அஞ்சு" என்றாள் விடுதிக்காரி. "உங்க டெஸ்தானேம்மா போன வாரம் மாத்தச் சொன்னாரு?"

டெஸ் குவிக், அடிலெய்டில் இருக்கும் அவர்களுடைய குழுத் தலைவன். நாலு வருஷமாகத் திரையில் தோளுக்கு மேலே மட்டும் பார்த்துப் பழகிய மனுஷன்.

குறையும் அந்தக் கட்டில் தன்னுடையதுதான் என்று கிளெனிஸுக்குப் பட்டதற்குக் காரணம் இருந்தது. ஐந்து நிமிஷம் மவுஸ் அசையாவிட்டால் கம்பெனித் திரையில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். கிளெனிஸின் புருஷன் இரண்டு தெரு தள்ளி முதியோர் இல்லத்தில் இருக்கிறான். அவள் ஊட்டினால்தான் சாப்பிடுவான். கம்பெனி தரும் அரை மணி நேரத்தில் அவன் சூப்பைக்கூட முடிக்க மாட்டான். அதனால் தினமும் பன்னிரண்டு ஐம்பதுக்கு, அவனுடைய பழைய கைக்கடிகாரத்தை மவுஸுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள். நொடி முள் ஓட ஓட மவுஸ் அசையும், புள்ளி பச்சையாகவே இருக்கும். இந்த வேலை போனால் அடுத்த வேலை போர்ட் பிரீயில், நூற்றுப் பத்து கிலோமீட்டர். அங்கிருந்து மத்தியானம் வந்து ஊட்ட முடியாது.

கொட்டகையில் முதல் நாள் எல்லோரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள். டெவிட்டா கதவில் குனிந்து நுழைந்தான். திரையில் கம்பீரமாக இருந்த மெரில், நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒருத்தர் எதிரில் இருப்பவரிடமே, நான் பேசுவது கேட்கிறதா என்று பழக்க தோஷத்தில் கேட்டார்.

பயிற்சி கொடுக்க வந்த பெண், கண்ணைக் கட்டி ஜோடி ஜோடியாக வேலி ஓரம் நடக்கவிட்டாள். கிளெனிஸைக் கூட்டிப்போனது மெரில். கிளெனிஸ் துணிக்கு அடியில் இடுக்குவழியே பார்த்துக்கொண்டே நடந்தாள். தன் முறை வந்தபோது மெரிலும் சாணியைச் சரியாகத் தாண்டினாள். இருவரும் எவ்வளவு நம்புகிறார்கள் என்று அந்தப் பெண் கைதட்டினாள்.

இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அந்தச் சம்பவம். டெஸ் எழுந்து வெளியே போனான். டெவிட்டா மேஜைக்கு அடியில் போனில் எதையோ தட்டினான். உடனே மெரிலின் போன் சிணுங்கியது, மற்ற இருவருடைய போன்களும் ஒரே சமயத்தில் சிணுங்கின. கிளெனிஸின் போன் மட்டும் சும்மா கிடந்தது. ஆளுக்கொரு ஊரில் இருந்து ரகசியம் பேசியே பழகியவர்கள், ஒரே மேஜையில் உட்கார்ந்தால் ரகசியத்துக்குச் சத்தம் உண்டு என்பதை மறந்துபோனார்கள்.

"அது ஒண்ணுமில்லடி" என்றாள் மெரில். "உன் பொறந்தநாளுக்குன்னு ஆரம்பிச்ச குழு."

"என் பொறந்தநாள் மே மாசமே முடிஞ்சுபோச்சு, மெரில்."

உருளைக்கிழங்குத் தட்டு மேஜையைச் சுற்றி வந்தது. கிளெனிஸுக்கு இதைக் கேட்க முழு யோக்கியதை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெரில் இல்லாத குழு ஒன்றை அவளே டெவிட்டாவோடு சேர்ந்து நடத்தினாள். ஆனால் பலி யார் என்று நால்வரும் முடிவுகட்டிவிட்டார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை டெஸ் பெட்டியோடு காருக்குப் போனான். கிளெனிஸ் கார் கதவை மறித்து நின்றாள்.

"இன்னிக்கு யாருக்குக் கட்டில் இல்ல, டெஸ்?"

"எனக்கு." பெட்டியைக் கீழே வைத்தான். "இன்னியோட கடைசி. சாயங்காலம் நானே எல்லாருக்கும் எழுதறதா இருந்தேன்."

அவள் நம்பாத முகத்தோடு நின்றாள். வேலையை விட்டு அனுப்பத் தலைமை அலுவலகம் ஒரு பெயர் கேட்டதாக அவன் சொன்னான்.

"முதல்ல உங்க பேரைத்தான் சொன்னாங்க, கிளென். தினமும் ஒரு மணி நேரம் உங்க மவுஸ் ஒரே சீரா அசையுதாம். மனுஷக் கை அப்படி அசையாதுன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"உங்களுக்குக் கை நடுக்கம்னு எழுதி அனுப்பிட்டேன். அப்புறம் என் பேரைக் கொடுத்தேன்."

கிளெனிஸ் தன் கையைப் பார்த்தாள். பிறகு அவனுடைய பெட்டியைப் பார்த்தாள்.

"நீயா கொடுத்தியா, அவங்களா எடுத்துக்கிட்டாங்களா? வேற இடம் பாத்து வெச்சிருக்கியா?"

டெஸ் சிரித்தான். "கங்காரு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு கேக்கல, அதுவரைக்கும் சந்தோஷம்." கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்லவில்லை. பிறகு தயங்கி, இணையத்தில் வேலை தேடுகிறவர்கள் பக்கத்தில் தன்னைப் பற்றி நல்லதாக இரண்டு வரி எழுத முடியுமா என்று கேட்டான். மற்றவர்களிடம் கேட்கப் பிடிக்கவில்லையாம். அடுத்த திங்கட்கிழமைக்குள் எழுதிவிடுவதாகச் சொன்னாள்.

எட்டுத் திங்கட்கிழமைகள் போய்விட்டன. வேலை இருக்கிறது, புருஷன் மத்தியானம் சாப்பிடுகிறான். புதிய தலைவி வந்திருக்கிறாள், தோள் வரைக்கும் நல்லவளாகத் தெரிகிறாள். அந்த இரண்டு வரியை அவளும் படிப்பாள். படித்தால், டெஸ்ஸுக்கு இவள் எதற்கு இவ்வளவு நன்றி சொல்கிறாள் என்று யோசிப்பாள்.

டெஸ் நம்பத் தகுந்தவர் என்று கிளெனிஸ் ஒருமுறை எழுதினாள். அத்தாட்சி எங்கே என்று தன்னையே கேட்டு அழித்தாள். குழுவுக்காகத் தன்னையே விட்டுக்கொடுத்தவர் என்று இன்னொருமுறை எழுதி, அது தனக்கு உறுதியாகத் தெரியாதே என்று அதையும் அழித்தாள். டெஸ் உங்கள் இரண்டு வரிக்காகக் காத்திருக்கிறார் என்று அந்தப் பக்கம் மூன்று தடவை நினைவூட்டிவிட்டது. மூன்றாவது நினைவூட்டலை அனுப்பியது எந்திரமா, டெஸ்ஸேதானா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.