மாடி வீட்டை வாடகைக்கு விட்ட கதை

வீட்டை வாடகைக்கு விடுறதுன்னா காலை நீட்டி உட்கார்ந்துக்கிட்டு, மாசம் பிறந்ததும் கையை நீட்டுற தொழில்னு நினைக்கிறவங்க இன்னும் ஊர்ல இருக்காங்க. அவங்க நல்லா இருக்கட்டும். நான் பேசுறது உங்ககிட்ட, என்னை மாதிரி ஒரு மாடியைக் கட்டிட்டு, வாசலைப் பார்த்துக்கிட்டே அரை வருஷத்தை ஓட்டினவங்ககிட்ட.

ஆறு வீட்டுக்காரி

என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி சொர்ணம் அக்கா. எனக்கு ஓரகத்தி. திருவேங்கடம் ரோட்டுல வரிசையா ஆறு வாடகை வீடு வச்சிருக்கா. ஆறும் தீப்பெட்டி மாதிரிதான் இருக்கும், சன்னல்னு பேருக்கு ஒண்ணு. ஆனா ஒண்ணாவது காலியா கிடந்து நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுல எல்லாரும் பந்தியில இருக்கும்போதுதான் அவளுக்குப் போன் வரும். "இப்போதைக்கு எதுவும் காலி இல்லியே"ன்னு நாலு இலை தள்ளிக் கேக்குற மாதிரி சொல்லுவா. எனக்கு சாம்பார் இறங்காது. பொறாமையான்னு கேட்டா, ஆமா, பொறாமைதான். அதுல என்ன மறைக்க இருக்கு?

நான் வீட்டுல பிளவுஸ் தைக்கிறவ. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவுல எங்க மாமனார் கட்டின வீடு, பகல்லயே டியூப் லைட் போட்டாத்தான் ஊசியில நூல் கோர்க்க முடியும். அது மேல ஒரு மாடி எடுத்து வாடகைக்கு விடலாம்னு நான் ஆரம்பிச்சேன். மில்லுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்த எங்க வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போடாம என்னையே பார்த்தார். "ஏட்டி, உனக்கு வீடு வேணுமா, இல்ல மதினி வயிறு எரியணுமா? மொதல்ல அதைச் சொல்லு."

தபசுக் கூட்டம்

மாடியை ஆனி மாசத்துக்குள்ள முடிச்சிடணும்னு கொத்தனார் காலைப் பிடிக்காத குறை. பெயிண்டர் காலை வாரிட்டார். கடைசிச் சுவர் காயறதுக்கும் ஆடி பிறக்கிறதுக்கும் சரியா இருந்துச்சு. ஆடியில எவன் குடி மாறுவான்? ஆனாலும் மனசு கேட்காம "வீடு வாடகைக்கு"ன்னு பெரிய எழுத்துல போர்டு எழுதி வாசல்ல கட்டிட்டேன். போர்டைப் பார்த்து வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் நான் தைச்ச பிளவுஸ் ஆச்சான்னு கேட்டு வந்தவங்க.

கோயில்ல ஆடித்தபசுத் திருவிழா, அன்னிக்குத் தெருவுல கால் வைக்க இடமில்லை. சிவகிரியில இருந்து ஒரு குடும்பம், புருஷன் பொண்டாட்டி, அவர் அம்மா, ரெண்டு பிள்ளைங்க, போர்டைப் படிச்சுட்டு "வீட்டைப் பார்க்கலாமா"ன்னு வந்தாங்க. எனக்குத் தலை கால் புரியலை. அந்தக் கூட்டத்துலயும் ஒருத்தருக்கு என் வீடு கண்ணுல பட்டிருக்கே. மேல கூட்டிட்டுப் போய் குழாயைத் திறந்து காட்டினேன், அலமாரியைத் திறந்து காட்டினேன், சன்னல் வழியா கோபுரத்தைக் காட்டினேன். ஃபேனைப் போடச் சொன்னாங்க, போட்டேன். தண்ணி கேட்டாங்க, கொண்டுவந்து கொடுத்தேன். பிள்ளைங்க தரையில படுத்தே தூங்கிருச்சுங்க. ரொம்ப நேரம் கழிச்சு, "எப்போ வாறிய?"ன்னு கேட்டேன். அந்த மனுஷன் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு நல்லா நிதானமாத்தான் சொன்னார். "வீடெல்லாம் வேண்டாம்மா. கூட்டம் தாங்க முடியலை, அம்மாவுக்கு ஒரு அரை மணி நேரம் உக்கார இடம் வேணும்னுதான் கேட்டோம்."

அக்கா அனுப்பின ஆள்

ஆவணி பிறந்ததும் ராயகிரிக்காரர் ஒருத்தர் வந்தார். தாலுகா ஆபீஸ்ல வேலை, சின்னக் குடும்பம், பேச்சும் மரியாதை. இப்படி ஒருத்தர் கிடைச்சா போதும்னு நினைச்சுக்கிட்டு இருக்கும்போதே, "திருவேங்கடம் ரோட்டுல சொர்ணம் அம்மா வீடு கேட்டோம். அங்க இடம் இல்லை, உங்ககிட்ட அனுப்பினாங்க"ன்னார். அவ்வளவுதான், எனக்கு உச்சியில ஏறிருச்சு. அவளுக்கு மிச்சமானது எனக்கா?

அதோட விட்டேனா, இல்லை. அங்க எத்தனை பேர் வந்து கேக்குறாங்க, தரையில என்ன கல்லு போட்டிருக்கா, தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் விடுறா, ஆள் வந்தா டீ கொடுக்காளா, வெறுங்கையா அனுப்புறாளான்னு ஒண்ணு விடாமக் கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னார். "நாங்க உங்க வீட்டைப் பாக்க வந்தோம். நீங்க அவங்க வீட்டைப் பத்தியே கேக்கியளேம்மா."

பால் காய்ச்சின காலை

கடைசியில ரேவதி வந்தா. இளையரசனேந்தல் பிள்ளை, இங்க ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர். புருஷன் மருந்துக் கடையில வேலை. ரெண்டு வயசுல ஒரு பொம்பளப் பிள்ளை. வந்த அன்னிக்கே என்னை அத்தைன்னு கூப்பிட்டா. இந்தக் குடித்தனம் பத்து வருஷமாவது நிலைக்கணும்னு சங்கரநாராயணருக்கு மாவிளக்கு நேர்ந்துக்கிட்டேன். சொர்ணம் அக்கா வீட்டுல ஆள் நிலைக்குது, என் வீட்டுல மட்டும் நிலைக்காதா?

நல்ல நாள் பார்த்து விடியக்காலம் பால் காய்ச்சினாங்க. நானும் குளிச்சுட்டு மேல ஏறினேன். புது அடுப்புல பால் பொங்கி வழியிறதைப் பார்த்தப்போதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. வீடு முடிஞ்சது ஆடியில, ஆடியில பால் காய்ச்சக் கூடாதுன்னு நான் சும்மா இருந்துட்டேன். ஆவணியில ஆள் பிடிக்கிற அவசரத்துல மறந்தே போச்சு. நான் கட்டின வீட்டுல முதல் பால் காய்ச்சினவ நான் இல்லை. அந்த மேடையில ஒரு காப்பி கூட நான் போட்டதில்லை. ரேவதி டம்ளர்ல பாலை ஊத்தி எனக்குக் கொடுத்தா. நின்ன நிலையிலேயே வாங்கிக் குடிச்சேன். அவ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சொன்னா. "ஏன் அத்தை நின்னுக்கிட்டே குடிக்கிய? உக்காருங்க. உங்க வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க."

மாத்துச் சாவி

அதுக்கப்புறம் எனக்குக் கீழ இருப்பே கொள்ளலை. தொட்டி நிறைஞ்சுதான்னு பார்க்க ஏறுவேன். வத்தல் காயப் போட ஏறுவேன், அதைத் திருப்பிப் போட ஏறுவேன், அள்ள ஏறுவேன். போற வழியில, "ஆணி அடிக்காதே ரேவதி", "அந்தத் திரையை ஏன் இந்தப் பக்கம் போட்டே?" மேல்காத்து அவ சன்னல்ல அடிக்கும். கோபுரம் அவ சன்னல்ல தெரியும். நான் கீழ டியூப் லைட்டுல கொக்கி தைப்பேன். இதுவரைக்கும் ஓரகத்தி மேல மட்டும்தான் பொறாமை, இப்போ எனக்கு வாடகை கொடுக்கிறவ மேலயும்.

ஐப்பசியில ஒரு நாள் திடீர்னு மழை. ரேவதி பள்ளிக்கூடத்துல, பிள்ளை பால்வாடியில, மாடிச் சன்னல் திறந்து கிடக்கு. கட்டில் நனைஞ்சிடுமேன்னு மாத்துச் சாவியை எடுத்துக்கிட்டு ஓடினேன். சத்தியமா சன்னலைச் சாத்தத்தான் போனேன். சாத்துறதுக்குள்ள மழை விட்டுருச்சு, குளுகுளுன்னு காத்து வந்துச்சு. ஒரு நிமிஷம்னு கட்டில்ல உட்கார்ந்தேன். அப்புறம் அவ தலையணை என் தலைக்குக் கீழ எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. கண்ணை முழிச்சா, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ரேவதி நிக்கா. கோபப்பட்டிருந்தாக் கூட நானும் நாலு வார்த்தை பேசித் தப்பிச்சிருப்பேன். அவ மெதுவாக் கேட்டா. "அத்தை, டீ போடட்டுமா?"

புதுக் குடித்தனம்

கார்த்திகை பாதியிலேயே காலி பண்ணிட்டாங்க. எங்க போறாங்கன்னு கேட்டேன். திருவேங்கடம் ரோடு. சொர்ணம் அக்கா வீடு. காத்து வராத, கோபுரம் தெரியாத அந்தத் தீப்பெட்டிக்கு. லோடு ஆட்டோவுல கட்டில் ஏறும்போது அழுகையும் ஆத்திரமுமா, "என் வீட்டுல என்னடி குறை?"ன்னு கேட்டுட்டேன். "வீட்டுல ஒரு குறையும் இல்ல அத்தை. அங்க வீட்டுக்காரம்மா படி ஏறி வர மாட்டாங்க, அது போதும்."

அதோட எங்க வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்துட்டார். "உன் மனசு மேலதான் இருக்கு, அங்கயே இரு"ன்னு தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் மாடிக்கு ஏத்திட்டு, கீழ் வீட்டைப் பூட்டிச் சாவியை என்கிட்ட தராம அவர் மதினிகிட்ட கொண்டுபோய்க் கொடுத்துட்டார். நாலே நாள்தான். சொர்ணம் அக்கா கீழ் வீட்டுக்கு ஆள் பிடிச்சுட்டா. குழாயில சொட்டு விழுந்தாலும் அவளுக்குத்தான் போன் பண்ணுறாங்க. போன வாரம் நான் பூ வாங்க இறங்கி வந்தேன். கீழ் வீட்டுப் பொண்ணு கோலம் போட்டுக்கிட்டு இருந்தவ, நிமிர்ந்து சிரிச்சுக்கிட்டே கேட்டா. "சொர்ணம் அம்மா தங்கமானவங்கக்கா. நீங்க அவங்க மாடியில எத்தனை வருஷமா வாடகைக்கு இருக்கிய?"

அரை வருஷம் இந்தத் தொழில்ல கிடந்து உழன்று, என் மாடிக்கு நான் பிடிச்ச ஒரே நிலையான குடித்தனம் நானேதான்.