கல்லில் இல்லாத பெயர்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் செய்த முதல் பெரிய காரியத்தைக் கல்லூரி விடுதியில் எத்தனையோ முறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சொன்னதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு துண்டு எனக்கே தெரியாமல் இருந்தது.

அப்போது ஆறாம் வகுப்பு. காஞ்சிபுரத்தின் வடக்கு ஓரத்தில், தெருவிளக்குகள் முடிந்துபோகிற இடத்தில், காலனியில் எங்கள் வீடு. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா பட்டாளத்தில் இருக்கிறார் என்று அம்மா சொல்லியிருந்தாள். எனக்கு நாலு வயதில் போனவர். கல்யாணப் போட்டோவில் இருந்த முகம்தான் எனக்குத் தெரிந்த முகம். ஆறாவது சேரும்போது விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'ராணுவம்' என்று நானே எழுதினேன். என்ன எழுதினாய் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துவிட்டு, சரி என்றாள்.

வகுப்பில் பையன்கள் விடுவார்களா? பட்டாளத்துக்காரன் என்றால் லீவில் வருவானே, இரும்புப் பெட்டி கொண்டுவருவானே என்று துளைப்பார்கள். "உங்கப்பா எந்தச் சண்டையிலடா கீறாரு? அது மட்டும் முடியவே மாட்டேங்குது" என்று ஒருவன் கேட்டதற்கு வகுப்பே சிரித்தது. இடைவேளைகளில் சுவரோரமாகத் தனியாக உட்காரப் பழகிக்கொண்டேன்.

அம்மாவுக்குப் பட்டுப்புடவைக் கடை ஒன்றில் வேலை. கல்யாணத்துக்கு எடுக்க வருகிறவர்கள் நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். மிச்சம் முப்பத்தொன்பதை மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்குவது அவள் வேலை. முகூர்த்தப் புடவை விற்கும் முன்பக்கத்தில் நிற்பவள். அங்கே நிற்க ஒரு விதி உண்டு. கூரைப்புடவையைத் தொட்டு எடுத்துக் கொடுக்கிற கை சுமங்கலியின் கையாக இருக்க வேண்டும். கூட வேலை செய்த ஒரு அக்காவின் புருஷன் லாரி மோதிச் செத்த பிறகு, பதினாறு நாள் கழித்து வந்த அவளைப் பின்கட்டில் முந்தானைக்குக் குஞ்சம் முடிய உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே ஜன்னல் கூடக் கிடையாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

புரட்டாசியில் மகாளய அமாவாசைக்கு எங்கள் வீட்டில் படையல் போடுவது வழக்கம். செத்துப்போனவர்களின் படத்தை வைத்து, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, இலை போட்டுக் கும்பிடுவோம். தாத்தாவுக்கு வருஷா வருஷம் கருவாட்டுக் குழம்பும் ஒரு கட்டு பீடியும். அந்த வருஷம் அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்னால், அப்பாவின் அண்ணனான என் பெரியப்பா வந்திருந்தார். நான் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் தணிந்த குரலில் பேசியது காதில் விழுந்தது.

"ஏழு வருசம் ஆச்சு. இந்த அமாவாசைக்கு அவன் படத்தையும் வெச்சிடலாம்மா. ஆனா கடையில உன்ன பின்னாடி அனுப்பிடுவாங்களே, யோசிச்சிக்கோ."

அம்மா சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. கேட்ட வரைக்குமே போதுமாக இருந்தது. அப்பாவைச் செத்தவராக்கி இலை போடப் போகிறார்கள், அம்மாவின் தாலியைக் கழற்றி ஜன்னல் இல்லாத அறையில் உட்கார வைக்கப் போகிறார்கள், பெரியப்பா மிரட்டிவிட்டுப் போகிறார் என்று புரிந்துகொண்டேன். அந்த வயதில் அதற்கு மேல் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

அந்த வாரம்தான் சமூக அறிவியல் வாத்தியார் புள்ளலூர் தூண்களைப் பற்றிச் சொன்னார். நமக்குப் பக்கத்திலேயே வயலுக்கு நடுவில் இரண்டு தூண்கள் இருக்கின்றன, சண்டையில் செத்த பட்டாளத்துக்காரர்களின் பெயரை இங்கிலீஷில் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றார். யாருக்கும் யாருக்கும் நடந்த சண்டை, எந்த நூற்றாண்டு என்றெல்லாமும் சொல்லித்தான் இருப்பார். செத்தால் பெயரை வெட்டுவார்கள் என்பதோடு என் காது அடைத்துக்கொண்டது. அப்பா செத்திருந்தால் பெயர் அந்தத் தூணில் இருக்கும். இல்லை என்றால் அவர் உயிரோடு இருக்கிறார், அம்மாவை யாரும் பின்கட்டுக்கு அனுப்ப முடியாது. இதைவிடத் தெளிவான கணக்கை நான் பரீட்சையில்கூடப் போட்டதில்லை.

அமாவாசைக்கு முதல் நாள் சனிக்கிழமை. அம்மா கடைக்குக் கிளம்பியதும் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் நின்றேன். அவளுக்குப் பதினொன்றாவதில் கொடுத்த இலவச சைக்கிள் இருந்தது. எதற்கு என்று கேட்டாள். டியூஷன் என்றேன். "ஒருநாளும் இல்லாத டியூஷன் இன்னிக்கு எங்கடா மொளச்சுது? செயின் கழண்டா நீயே மாட்டிக்கினு வரணும்" என்று சாவியைக் கொடுத்தாள்.

பெங்களூர் ரோட்டை லாரிகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு கடந்தேன். அதற்குப் பிறகு ஆளே இல்லை. அவ்வளவு நீளமான வெறும் ரோட்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் தண்ணீர் வற்றிப்போய் வேலிகாத்தான் முளைத்த ஏரி, இன்னொரு பக்கம் நாற்றுவிட்டிருந்த கழனி. மேட்டில் ஏறும்போது என் மூச்சும் இறங்கும்போது சக்கரம் சுற்றும் சத்தமும்தான் கேட்டன. பயத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டே போனேன். தூண் கண்ணில் படாமல் தாண்டிவிடுவேனோ என்று வழியிலிருந்த கிலோமீட்டர் கற்களில்கூட இறங்கி இறங்கிப் படித்தேன். எல்லாவற்றிலும் ஊர்களின் பெயர்தான் இருந்தது. ஒரு பாலத்தருகில் அக்கா சாபம் விட்டதுபோலவே செயின் கழன்றது. மாட்டி முடிப்பதற்குள் முழங்கை வரைக்கும் கறுப்பு.

புள்ளலூரில் டீக்கடையில் கேட்டதற்குக் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்கள். போனேன். வயல்வெளியில் இரண்டு தூண்கள், மேலே போகப்போகக் கூம்பி, யாரோ நட்டுவைத்துவிட்டு மறந்துபோன மாதிரி நின்றன. சுற்றி ஆடுகள் மேய்ந்தன. தூணின் நிழலில் ஒரு அம்மாள் ஆடு ஓட்டும் குச்சியோடு உட்கார்ந்திருந்தார்.

அப்பாவின் பெயர் இங்கிலீஷில் எம் என்று தொடங்கி என் என்று முடியும். ஏழு எழுத்து. சட்டைப்பையில் எழுதி வைத்திருந்த தாளை எடுத்து வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கை விரலைக் கல்லில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினேன். எது பெயர், எது வெறும் வார்த்தை என்று எனக்குத் தெரியாது. அதனால் எதையும் விடவில்லை. ஓரிடத்தில் எம் வந்தது. கையிலிருந்த தாளை அதன் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். எம், இ, எம், ஓ என்று போய் வேறெதிலோ முடிந்தது. அப்பா இல்லை. இன்னொரு தூணுக்குப் போனேன். அங்கேயும் இல்லை. அவை ஹைதர் அலியின் படையோடு கும்பினிக்காரர்கள் சண்டை போட்டபோது செத்துப்போன வெள்ளைக்கார அதிகாரிகளின் தூண்கள் என்பதை நான் பத்தாவதில்தான் சரியாகப் படித்தேன். இருநூறு வருஷத்துக்கு முந்தைய கல்லில் அப்பாவைத் தேடியவன் என்று விடுதியில் எனக்குப் பெயரே உண்டு.

ஆட்டுக்கார அம்மாள் அதுவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிக்கிறவங்க எல்லாம் வந்து படிச்சிட்டுப் போறாங்க. இன்னா போட்டிருக்குதுன்னு ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல. நீயாச்சும் சொல்லேன்பா."

"எங்கப்பா பேரு இல்ல" என்றேன். எனக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான்.

அவர் என் முகத்தையும் கையிலிருந்த கறுப்பையும் பார்த்தார். எங்கிருந்து வருகிறாய், வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்றெல்லாம் கேட்கவில்லை. "இல்லாம இருந்தா நல்லதுதானே. இந்தா, தண்ணி குடி" என்று பாட்டிலை நீட்டினார். குடித்தேன்.

திரும்பி வரும்போது அதே ரோடு பாதி நீளமாகச் சுருங்கிவிட்டது போலிருந்தது. இரண்டு கையையும் விட்டு ஓட்டிப் பார்த்தேன்.

சாயந்திரம் அம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். வாத்தியார் சொன்னது, தூண், எழுத்து, எல்லாம். சைக்கிளில் அவ்வளவு தூரம் போனதற்கு அடி விழும் என்றுதான் நினைத்தேன். விழவில்லை. அம்மா கையில் பையோடு அப்படியே நின்றாள்.

"ரெண்டு தூண்லயும் பாத்தியா?" என்றாள்.

"ரெண்டுலயும்."

"எல்லா எழுத்தையும் படிச்சியா? ஒண்ணும் விடலியே?"

"ஒண்ணும் விடலமா. எங்கயும் இல்ல. அப்பா உயிரோடதான் இருக்காரு."

அம்மா தலையை ஆட்டினாள். என்னை உட்கார வைத்து என் கையிலிருந்த கிரீஸைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டாள். புடவை தொடுகிற கை என்று தன் கையில் ஒரு பொட்டுக் கறுப்பு படவிடமாட்டாள். அன்றைக்கு விரல் விரலாகத் துடைத்தாள்.

மறுநாள் பெரியப்பா செய்தித்தாளில் சுற்றிய ஒரு படத்தோடு வந்தார். கல்யாணப் போட்டோவில் அப்பாவை மட்டும் தனியாகப் பெரிதாக்கியிருந்தார்கள். ஓரத்தில் அம்மாவின் மாலையில் ஒரு கீற்று வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அவரைப் பார்க்காமலேயே, "வாணாம் மாமா. புள்ள புள்ளலூர் வரைக்கும் போயி கல்லப் படிச்சிட்டு வந்துட்டான். அவங்கப்பா பேரு இல்லியாம்" என்றாள்.

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கும் படிக்கத் தெரியாது. "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று படத்தை மறுபடி தாளில் சுற்றினார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அந்த வருஷமும் தாத்தாவுக்கு மட்டும்தான் இலை. காக்கை உடனே வந்து எடுத்தது.

அம்மா முன்பக்கத்திலேயே இருந்தாள். காலையில் குங்குமம் வைத்துக்கொண்டு போய், ஊரான் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கூரைப்புடவை எடுத்துக் கொடுத்தாள். நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாம் முடித்தேன்.

போன வருஷம் அப்பா செத்துப்போனார். அரக்கோணத்தில். பெரியப்பா என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். அங்கே எனக்குத் தெரியாத ஒரு அம்மாள் அழுதுகொண்டிருந்தார், என் ஜாடையில் இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். அவர் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. புள்ளலூருக்கு மிதித்த அளவு அதே திசையில் இன்னொரு மடங்கு மிதித்திருந்தால், அன்றைக்கு ஏறக்குறைய அவர் வாசலுக்கே போயிருப்பேன்.

திரும்பும்போது பஸ்ஸில், அந்த அமாவாசைக்கு முன்னால் நீங்கள் ஏன் அம்மாவை மிரட்டினீர்கள் என்று கேட்டேன். பெரியப்பா ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"நான் எங்கடா மெரட்டனேன்? உங்கம்மாதான் வந்து கேட்டா. எனக்குப் பின்கட்டே போதும் மாமா, இந்தக் கவுத்த எத்தினி நாளிக்கு சொமக்கறது, செத்தவனா வெச்சி ஒரு எலை போட்டுடு, தலை முழுகிடறேன்னா. நான் படத்த எடுத்துக்கினு வந்தா நீ கல்லுல பேரு இல்லன்னு நிக்கற."

என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லியிருந்தா நீ அரக்கோணத்துக்கு சைக்கிள் எடுத்திருப்ப" என்றார்.

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ரோட்டில் போய்விட்டு வருகிறேன். தூண்கள் அப்படியேதான் நிற்கின்றன. படிப்பதில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறேன். ரெண்டு தூண்லயும் பாத்தியா என்று அம்மா கேட்ட கேள்விதான் ரோடு முழுக்கக் கூட வருகிறது.

அந்தச் சனிக்கிழமை, கையைத் துடைத்துவிட்ட பிறகு அம்மா சோறு போட்டாள். இரண்டு தட்டு சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் பசிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.